இடமதிப்புத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்செய்வது எப்படி?

"நாலாயிரத்து ஏழு" என்று சொல்லி எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 40007 என்று எழுதும். "கவனமே இல்லை" என்று திட்டுவோம். உண்மையில் பிள்ளை கவனமாகத்தான் எழுதியிருக்கிறது. நாலாயிரம் காதில் விழுந்தது, 4000 எழுதியது. அடுத்து ஏழு விழுந்தது, பக்கத்திலேயே 7 எழுதியது. கேட்டதில் எதையும் விடவில்லை. ஒரு இலக்கம் நிற்கும் இடம்தான் அதன் மதிப்பைச் சொல்கிறது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இடமதிப்புத் தேர்வில் (இலங்கைப் பாடநூல்களில் இடப்பெறுமானம்) மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பிழைகளில்தான். ஐம்பது கணக்கு கொடுத்து எழுதவைத்தால் பிள்ளை அதே பிழையை ஐம்பது முறை பழகிக்கொள்ளும். அதற்கு முன்னால், அதன் தலைக்குள் எண் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், தொடக்க வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கும் இந்த முறை பயன்படும். கையில் ஒரு வாரம் இருந்தால் நல்லது.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

வகுப்பு ஏற ஏற எண்ணின் நீளம்தான் கூடும். கேள்வி வகைகள் ஏறத்தாழ அதேதான்: எண்பெயரைப் பார்த்து எண் எழுதுவது, எண்ணுக்கு எண்பெயர் எழுதுவது, கோடிட்ட இலக்கத்தின் இடமதிப்பு, முகமதிப்பு, விரிவாக்க வடிவம், பெரியது சிறியது ஒப்பிடல், ஏறுவரிசை, இறங்குவரிசை, முன்னி (ஒன்று குறைந்த எண்), தொடரி (ஒன்று கூடிய எண்), கொடுத்த இலக்கங்களை வைத்து மிகப்பெரிய எண்ணும் மிகச்சிறிய எண்ணும் அமைப்பது. மேல்வகுப்பு என்றால் பத்துக்கோ நூறுக்கோ தோராயமாக்கலும் சேரும். பாடநூலில் அந்தப் பாடத்தின் பயிற்சிப் பக்கங்களைப் புரட்டி, இதில் எவை உங்கள் பிள்ளைக்கு உண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தில் இல்லாததைத் தேர்வுக்கு முன் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

படி 1: பத்து நிமிடச் சோதனை

இதைத் தேர்வு என்று சொல்லாமல் செய்யுங்கள். பிள்ளை தவறாகச் சொன்னாலும் நடுவில் திருத்தாதீர்கள். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேளுங்கள். சரியாகச் சொன்னபோதும் அதையே கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்ததுமே விடையை மாற்றப் பிள்ளை கற்றுக்கொண்டுவிடும்.

முதலில் 16 பொத்தான்களையோ விதைகளையோ மேசையில் வைத்து எண்ணச் சொல்லுங்கள். தாளில் 16 என்று எழுதட்டும். 6-ஐச் சுட்டிக்காட்டி, "இது எவ்வளவு? பொத்தானில் காட்டு" என்றால் ஆறு பொத்தான்களைத் தள்ளும். அடுத்து 1-ஐச் சுட்டி அதையே கேளுங்கள். பத்தைக் காட்ட வேண்டும். பல பிள்ளைகள் ஒரே ஒரு பொத்தானைக் காட்டும். மீதி ஒன்பது ஏன் அநாதையாகக் கிடக்கின்றன என்று யோசிக்காது. "1 பத்தாம் இடத்தில் இருக்கிறது" என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையும் இங்கே தடுமாறலாம். கணிதக் கல்வி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் சோதனை இது.

பிறகு இவற்றைக் கேளுங்கள். நானூற்று ஐந்து, நாலாயிரத்து ஏழு, தொள்ளாயிரத்துத் தொண்ணூறு: சொல்லச் சொல்ல எழுதட்டும். 998, 1002 இரண்டில் எது பெரியது, ஏன்? 4003-இல் 10 குறைத்தால் எவ்வளவு? 40 + 7000 + 2 என்பதை ஒரே எண்ணாக எழுது.

முதல் சோதனையில் தடுமாறினால் படி 2-இலிருந்து ஆரம்பியுங்கள், பிள்ளை ஐந்தாம் வகுப்பாக இருந்தாலும் சரி. சொல்வதைக் கேட்டு எழுதுவதில் மட்டும் தடுமாற்றம் என்றால் படி 3, 4 போதும். 40 + 7000 + 2-க்கு 472 என்றோ 4072 என்றோ எழுதினால், வரிசையைப் பார்க்கிறது, மதிப்பைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதற்கும் மருந்து படி 3-இல் இருக்கிறது.

படி 2: கட்டிப் பார்ப்பது

தீக்குச்சி, ஐஸ்குச்சி, உறிஞ்சுகுழல் என எது கிடைத்தாலும் சரி, நூற்றுக்கு மேல் வேண்டும். கூடவே ரப்பர் பேண்டுகள். ஒரே ஒரு விதி: உதிரியாகப் பத்து சேர்ந்துவிட்டால் உடனே கட்டிவிட வேண்டும். பத்துக் கட்டு சேர்ந்தால் அவற்றைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு.

பகடையை உருட்டி, விழுந்த அளவு குச்சி எடுத்து, யார் முதலில் நூறு கட்டுகிறார் என்று விளையாடுங்கள். முடிந்ததும் திருப்பி விளையாடுங்கள்: நூறில் ஆரம்பித்து, பகடையில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் உருட்டலிலேயே பெரிய கட்டைப் பிரிக்க வேண்டிவரும், அதிலிருந்து ஒரு சின்னக் கட்டையும் பிரிக்க வேண்டிவரும். கழித்தலில் "கடன் வாங்குதல்" என்று சொல்கிறோமே, அது இதுதான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு கட்டு பிரிந்து பத்து உதிரியாகிறது, அவ்வளவே. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வரும் "இனமாற்றம்" என்ற சொல் இதற்குப் பொருத்தம், அதையே பழக்குங்கள்.

கடைகளில் கிடைக்கும் பத்தடிமானக் கட்டைகள், அதாவது டீன்ஸ் கட்டைகள், இருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். ஒன்று சிறு கனசதுரம், பத்து ஒரு கம்பி, நூறு ஒரு தட்டு, ஆயிரம் ஒரு பெரிய கனசதுரம். ஆனால் ஆரம்பத்தில் நான் குச்சியைத்தான் எடுப்பேன். கம்பியைப் பிரிக்க முடியாது, மாற்றிக்கொள்ளத்தான் முடியும். குச்சிக் கட்டைப் பிள்ளை தன் கையாலேயே பிரிக்கலாம். சிவப்பு வில்லை நூறு, நீல வில்லை பத்து என்று ஒரே அளவு வில்லைகளை வைப்பது இந்தக் கட்டத்தில் வேண்டாம். நூறும் பத்தும் ஒரே பருமனில் கண்ணுக்குத் தெரிந்தால் குழப்பம் அப்படியே இருக்கும்.

கட்டத் தெரிந்ததும் ஒரே எண்ணைப் பலவிதமாக வைக்கச் சொல்லுங்கள். 352 என்பது 3 நூறு, 5 பத்து, 2 ஒன்று. அதுவே 2 நூறு, 15 பத்து, 2 ஒன்று. அதுவே 35 பத்து, 2 ஒன்று. அதுவே 2 நூறு, 14 பத்து, 12 ஒன்று. கடைசியில் சொன்னதுதான் 352 − 78 போடும்போது தேவைப்படும் வடிவம். "352-இல் எத்தனை பத்துகள்?" என்று கேட்டால் 5 என்று சொல்லிவிட்டு நகரும் பிள்ளைக்கு, 35 என்ற விடையும் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

படி 3: அம்பு அட்டைகள்

ஒரே ஒரு பொருள்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கெட்டியான தாளில் நான்கு தொகுதி அட்டைகள் வெட்ட வேண்டும். 1 முதல் 9 வரை ஒரு கட்ட அகலம். 10, 20 … 90 இரண்டு கட்ட அகலம். 100 முதல் 900 வரை மூன்று கட்டம். 1000 முதல் 9000 வரை நான்கு கட்டம். மொத்தம் 36 அட்டைகள். கட்ட அகலம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். கட்டத்துக்கு ஓர் இலக்கம்தான் எழுத வேண்டும். வலது ஓரத்தை அம்புமுனை மாதிரி வெட்டுவார்கள். வெட்டாவிட்டாலும் வேலை நடக்கும்.

4000 அட்டையைக் கீழே வையுங்கள். அதன்மேல் 300, அதன்மேல் 50, அதன்மேல் 2, எல்லாம் வலது ஓரம் ஒட்டி. 4352 தெரியும். அட்டைகளை உருவினால் 4000, 300, 50, 2. விரிவாக்க வடிவம் என்று தனியாகச் சொல்லித்தர எதுவும் மிச்சமில்லை.

இப்போது நாலாயிரத்து ஏழு. 4000 அட்டை, அதன்மேல் வலது ஓரத்தில் 7. கடைசி சுழியத்தை 7 மூடிக்கொள்கிறது, மற்ற இரண்டு சுழியங்களும் அப்படியே நிற்கின்றன. 40007 என்று எழுதிய பிள்ளையிடம் "நீ எழுதியது தப்பு" என்று சொல்லவே வேண்டாம். "அட்டையில் வைத்துப் பாரு" என்றால் போதும். 7-ஐத் தூக்கிப் பார்த்து, "அடியில சைபர் ஒளிஞ்சிருக்கு" என்று அதுவே சொல்லும்.

இதே அட்டைகளை வைத்து 6 + 300 + 5000 மாதிரிக் கலைத்துப்போட்ட கேள்விகளையும் பழக்கலாம். எந்த வரிசையில் எடுத்தாலும் அடுக்கினால் 5306-தான் வரும். தேர்வுத்தாளில் ஆசிரியர்கள் வரிசையைக் கலைத்துப்போடுவது இந்த இடத்தில்தான்.

அட்டையில் கை பழகியபின் இடமதிப்பு அட்டவணைக்குப் போங்கள். ஒன்றுகள், பத்துகள், நூறுகள், ஆயிரங்கள் என்று கோடு போட்ட அந்த அட்டவணை ஒரு பதிவேடுதான். புரிதலை அது கொடுக்காது. எனவே முதல் நாளே அதை நீட்டாதீர்கள்.

படி 4: காதால் கேட்டு எழுதுவது

தமிழ் எண்பெயர்களில் பிள்ளைக்கு உதவும் ஒரு குறிப்பு உண்டு. நூறு, ஆயிரம் என்று முடிந்தால் எண் அங்கேயே முடிந்தது. நூற்று, ஆயிரத்து, லட்சத்து என்று வந்தால் பின்னால் இன்னும் ஏதோ வருகிறது. "ஆயிரத்து" என்ற ஒலி கேட்டதுமே பிள்ளை நான்கு கோடு போட்டுக்கொள்ளட்டும்: _ _ _ _. நாற்பதாயிரத்து என்றால் ஐந்து கோடு, லட்சத்து என்றால் ஆறு. அப்புறம் கேட்டதை அதனதன் இடத்தில் நிரப்பி, காலியாக நிற்கும் கோடுகளில் சுழியம். நாற்பதாயிரத்து ஆறு என்றால் 4 _ _ _ 6, பிறகு 40006. தேர்வுத்தாளின் ஓரத்தில் பென்சிலால் செய்யக்கூடிய வேலை இது.

ஒன்பது சம்பந்தப்பட்ட எண்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தொண்ணூறு என்பதில் நூறு கேட்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, ஆனால் அது 900. 9000-க்கு வந்தால்தான் ஒன்பதாயிரம் என்று நேராகிறது. கோடு போடும் முறையும் இங்கே ஏமாற்றும்: தொள்ளாயிரத்து என்றால் மூன்று கோடுதான். 99, 190, 909, 990, 9009, 9090, 9900, 9909 என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு தினம் நான்கைந்து கேளுங்கள். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதை ஒரே மூச்சில் சரியாக எழுதும் பிள்ளைக்கு மற்ற எண்பெயர்கள் பயம் காட்டாது.

இடையில் ஒன்று. பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. 4007-ஐ ௪௲௭ என்று எழுதினார்கள்: நாலு, ஆயிரம், ஏழு. சுழியமே வேண்டாம், காதில் விழுந்தபடியே எழுதலாம். 2453 என்றால் ௨௲௪௱௫௰௩. நம் பிள்ளை 40007 என்று எழுதும்போது ஏறத்தாழ அந்த முறையில்தான் யோசிக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்டினால், சுழியம் எதற்கு வந்தது என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும். இரண்டாம் வகுப்புக்கு வேண்டாம், குழம்பிவிடும்.

படி 5: இடமா, மதிப்பா?

3582-இல் 5-ஐச் சுட்டி மூன்று கேள்வி கேட்கலாம். எந்த இடத்தில் இருக்கிறது? நூறுகள் இடத்தில். இடமதிப்பு என்ன? 500. முகமதிப்பு என்ன? 5. இடமதிப்பைக் கேட்டால் "நூறு" என்று எழுதிவிட்டு வருவது மிகச் சாதாரணமான பிழை. கேள்வியில் "இடம்" என்று மட்டும் இருந்தால் பெயர், "மதிப்பு" என்று இருந்தால் எண் என்று சொல்லிவையுங்கள். சுழியம் எந்த இடத்தில் நின்றாலும் அதன் இடமதிப்பு 0-தான், இதையும் கேட்பார்கள்.

ஒரே இலக்கம் இருமுறை வரும் எண்களைக் கொடுங்கள். 7372-இல் இரண்டு 7-களின் இடமதிப்புகளுக்கும் உள்ள வேறுபாடு என்ன? 7000 − 70 = 6930. "0" என்று பதில் வந்தால் பிள்ளை இன்னும் முகமதிப்பிலேயே நிற்கிறது. அட்டைகளை எடுத்து 7000-ஐயும் 70-ஐயும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

படி 6: மற்ற கேள்வி வகைகள்

ஒப்பிடல்: முதலில் இலக்கங்களின் எண்ணிக்கை, அது சமமாக இருந்தால் இடமிருந்து வலமாக ஒவ்வோர் இடமாகப் பார்ப்பது. 998-இல் 9 இருப்பதால் 1002-ஐவிடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்கு அட்டையின் அகலமே பதில் சொல்லும்.

எண் அமைத்தல்: 5, 0, 8, 3 என்ற இலக்கங்களை ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படுத்தினால் மிகப்பெரிய நான்கிலக்க எண் 8530. மிகச்சிறியது 0358 அல்ல, 3058. சுழியம் முன்னால் நின்றால் அது மூன்றிலக்க எண்ணாகிவிடும். இதற்கு ஒரு விளையாட்டு: 0 முதல் 9 வரை சீட்டு எழுதிக் குலுக்கி, ஆளுக்கு நான்கு கோடு. ஒரு சீட்டு எடுத்ததும் அதை எந்தக் கோட்டில் எழுதுவது என்று உடனே முடிவெடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. பெரிய எண் அமைப்பவருக்கு வெற்றி. முதல் சீட்டாக 6 வந்தால் அதை ஆயிரத்தில் வைப்பதா நூறில் வைப்பதா என்று பிள்ளை யோசிக்கும் அந்த நேரத்தில் நடப்பது நல்ல இடமதிப்புப் பயிற்சி.

முன்னி, தொடரி: எல்லைகளை மட்டும் கேளுங்கள். 3999-இன் தொடரி, 5000-இன் முன்னி, 2995-உடன் 10 கூட்டினால் எவ்வளவு. சோதனையில் கேட்ட 4003 − 10 ஞாபகம் இருக்கிறதா? பத்துகள் இடத்தில் 0 இருப்பதால் பிள்ளை திகைக்கும். 4003 என்பது 400 பத்துகளும் 3 ஒன்றுகளும். ஒரு பத்தை எடுத்தால் 399 பத்துகளும் 3-உம், அதாவது 3993. படி 2-இல் 35 பத்து என்று பழகியது இங்கே கைகொடுக்கிறது.

தோராயமாக்கல்: எண்கோடு வரையாமல் விதியை மட்டும் சொல்லித்தராதீர்கள். 3467, 3400-க்கும் 3500-க்கும் நடுவில் இருக்கிறது, பாதிவழி 3450, அதைத் தாண்டிவிட்டது, எனவே நூறுக்குத் தோராயமாக 3500. 2970 போன்ற எண்ணில் "29 நூறுக்கு அடுத்தது 30 நூறு" என்று சொன்னால் 3000 எளிதாக வரும்.

காற்புள்ளி: இந்திய முறை என்றால் வலமிருந்து முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு: 3,45,678. பன்னாட்டு முறையில் மும்மூன்றாக: 345,678. எந்த முறை கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் போட வேண்டும், வேறொன்றுமில்லை.

வாரத்தைப் பிரித்துக்கொள்வது

தினம் இருபது நிமிடம் போதும். முதல் நாள் சோதனை. அடுத்த இரண்டு மூன்று நாள் எங்கே தடுமாற்றமோ அந்தப் படியில் மட்டும். அதன்பிறகு கலவையாக எட்டு அல்லது பத்துக் கேள்விகள். ஒரே வகையில் தொடர்ந்து பத்து வேண்டாம், ஏனென்றால் தேர்வில் எது என்ன வகை என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் பொறுப்பை மாற்றுங்கள்: பிள்ளை கேள்வி எழுதட்டும், நீங்கள் வேண்டுமென்றே சில பிழைகளோடு விடை எழுதுங்கள், அது திருத்தட்டும். உங்கள் 40005-ஐச் சிவப்புப் பேனாவால் அடிக்கும்போது பிள்ளைக்கு வரும் உற்சாகம் தனி.

தேர்வில் செய்ய வேண்டியவையாக இரண்டை மட்டும் சொல்லி அனுப்புங்கள். எண்பெயரைப் பார்த்து எண் எழுதியதும் இலக்கங்களை எண்ணிப் பார்ப்பது. நாலாயிரம் மாதிரி என்றால் நான்கு இருக்க வேண்டும், நாற்பதாயிரம் மாதிரி என்றால் ஐந்து, தொள்ளாயிரம் மட்டும் மூன்று. "இடமதிப்பு", "முகமதிப்பு", "ஏறுவரிசை", "இறங்குவரிசை" என்ற சொற்களுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு விடை எழுதுவது.

நாளைக்கே தேர்வு, இன்றைக்குத்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் குச்சியும் பகடையும் காத்திருக்கட்டும். அம்பு அட்டைகளை மட்டும் வெட்டி, சுழியம் உள்ள எண்களாகப் பத்து அடுக்கிப் பாருங்கள். கோடு போட்டு எழுதும் முறையையும், இடம் வேறு மதிப்பு வேறு என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்க அனுப்புங்கள். 16 பொத்தான் சோதனையை விடுமுறையில் செய்துகொள்ளலாம். அதில் பிள்ளை ஒரே ஒரு பொத்தானைக் காட்டினால், தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வந்திருந்தாலும் குச்சிக் கட்டிலிருந்து தொடங்குங்கள்.